அண்ணனின் கேம் கடையை நான் வாங்கலாமா?

கோவை வாசகர் ஒருவர் எழுதிய கடிதம் இது. வயது 36, மென்பொருள் நிறுவனத்தில் 13 வருட வேலை, மனைவி, ஒரு மகள். பெயரையும் அடையாளங்களையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் ஏழாம் வகுப்பு படித்தபோது காந்திபுரம் பக்கம் ஒரு சந்தில் வீடியோ கேம் கடை ஒன்று திறந்தது. முதலில் டிவி கேம் கேசட், பிறகு பிளேஸ்டேஷன் சிடி, அப்புறம் ஒரிஜினல் டிஸ்க், எக்ஸ்சேஞ்ச், சர்வீஸ் என்று வளர்ந்தது. பள்ளி, கல்லூரி, முதல் சம்பளம் என்று எல்லாக் காலத்திலும் வாசகர் அங்கே போயிருக்கிறார். "டிஸ்க்கை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்துக் கீறலைப் பார்ப்பார் அண்ணன். 'இது பாதியில நின்னுடும் தம்பி, வேற எடுத்துக்க' என்பார். தன் வியாபாரம் கெட்டாலும் சொல்லிவிடுவார்" என்று எழுதுகிறார். கடைக்காரரான அந்த அண்ணனுக்கு இப்போது 61 வயது. மகன் வெளிநாட்டில். டிஸ்க் வாங்க ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேர் வந்தாலே பெரிது. தீபாவளியோடு மூடப்போகிறார். "நீ எடுத்துக்கறதா இருந்தா சொல்லு, இல்லேன்னா மொத்தத்தையும் பழைய சாமான்காரனுக்குப் போட்டுடுவேன்" என்றிருக்கிறார். கேட்பது 9 லட்சம்: சரக்குக்கு 4, குட்வில் (கடையின் நற்பெயருக்கான விலை) 3, கட்டடக்காரரிடம் கிடக்கும் அட்வான்ஸுக்கு 2.

வேலையை விட்டு, பி.எஃப். பணத்தை எடுத்துக் கடையை வாங்கிவிட வேண்டும் என்பது வாசகரின் ஆசை. டிஸ்க் நம் கையில் இருக்கும் பொருள், டவுன்லோட் அப்படி இல்லை, பழைய எல்.பி. ரெக்கார்டை (இசைத்தட்டை) தேடி மக்கள் திரும்பி வந்ததுபோல டிஸ்க்குக்கும் வருவார்கள் என்பது அவர் வாதம். பழைய வாடகை என்பதால் செலவு குறைவு, டிஸ்க்கை வாடகைக்கு விட்டு, இரண்டு டிவி போட்டு மணிக்கணக்கில் விளையாட விட்டால் வாடகை கட்டிவிடலாம் என்பது கணக்கு. மனைவி கேட்டது ஒன்றுதான்: "ஓடாததாலதானே அவரே மூடறாரு?" மாமனார், "கேமையே கவர்மென்ட் தடை பண்ணிட்டாங்களே" என்கிறார். சட்டப்படி கடையை எப்படித் தன் பெயருக்கு மாற்றுவது என்பதே வாசகரின் கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் ஏக்கத்தை நான் சின்னப்பிள்ளைத்தனமாக நினைக்கவில்லை. அந்த மாதிரிக் கடைகள் போனதில் நிஜமான நஷ்டம் இருக்கிறது. பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) இந்தியாவுக்கு வந்தபோது பெரிய கேம்களின் விலை 4,999 ரூபாய். மாதச் சம்பளக் குடும்பத்தில் ஒரு பையன் அதை எத்தனை முறை கேட்டு வாங்க முடியும்? எக்ஸ்சேஞ்ச் கடை இருந்தால் ஒன்றை முடித்துவிட்டு, மேலே கொஞ்சம் பணம் போட்டு அடுத்ததை எடுத்துக்கொள்வான். நண்பனுக்குக் கொடுப்பான், தம்பிக்கு விட்டுவைப்பான். டவுன்லோட் செய்த கேமை விற்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. உங்களுக்கு அந்த வயதில் கிடைத்த வசதி இன்றைய பையன்களுக்குக் குறைந்துவிட்டது. அதற்காக வருத்தப்படுவது நியாயம்.

ஆனால் கடை படுத்ததற்கு அண்ணனின் வயது காரணமில்லை. இடம் மாறினாலும் ஆள் மாறினாலும் அந்தக் காரணம் அப்படியே இருக்கும். 2020 நவம்பரில் வந்த கன்சோல்களிலேயே (டிவியில் மாட்டி விளையாடும் கேம் கருவிகள்) டிஸ்க் போட வழியில்லாத ரகங்கள் வந்துவிட்டன. 2024-ல் வந்த பிஎஸ்5 புரோவில் டிஸ்க் டிரைவை நாம் தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்ட வேண்டும். சோனியின் கணக்குப்படி பிளேஸ்டேஷனில் விற்கும் முழு கேம்களில் பத்துக்கு ஏழுக்கு மேல் டவுன்லோடாகவே போகின்றன. அமெரிக்காவின் பெரிய சங்கிலிக் கடையான கேம்ஸ்டாப் 2024 நிதியாண்டில் மட்டும் அந்நாட்டில் 590 கடைகளை மூடியது. பிரிட்டனின் கேம் என்ற சங்கிலிக் கடை அதே வருடம் பழைய டிஸ்க் வாங்குவதையே நிறுத்திவிட்டது.

இந்தக் கடைசிச் செய்தியைக் கொஞ்சம் யோசியுங்கள். புது டிஸ்க்கில் கடைக்காரருக்கு நிற்பது சொற்பம். லாபம் முழுக்க செகண்ட் ஹேண்டில்தான் இருந்தது. செகண்ட் ஹேண்ட் எங்கிருந்து வரும்? ஊரில் யாராவது புதிது வாங்கியிருந்தால்தான் வரும். இன்று புதிதாக விற்காத டிஸ்க் இரண்டு வருடம் கழித்து உங்கள் மேசைக்கு வராது. எவ்வளவு நல்ல கடைக்காரராக இருந்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

எல்.பி. ரெக்கார்டோடு ஒப்பிடுவதும் பாதிதான் பொருந்தும். ரெக்கார்டுக்கு ஊசி போதும், யாருடைய சர்வரும் வேண்டாம். கேம் டிஸ்க் இப்போது அப்படி இல்லை. யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31-ல் நிறுத்தியது. காசு கொடுத்து டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களாலும் அதற்குப் பிறகு விளையாட முடியவில்லை. 2025-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு விற்கும் அட்டைகள் சிலவற்றில் கேமே இருக்காது. அட்டையைச் செருகிவிட்டு முழுவதையும் டவுன்லோட் செய்ய வேண்டும். 'டிஸ்க் என்றால் என்னுடையது' என்பது பிஎஸ்2, பிஎஸ்3 காலத்துக்குப் பெரும்பாலும் உண்மை. அதற்குப் பிறகு வந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மாமனார் சொன்னதையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத்தான் தடை செய்கிறது. கேம் டிஸ்க் விற்பதையோ கன்சோலில் விளையாடுவதையோ அது தொடவில்லை. அவருக்கு இதை நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

இனி அந்த 9 லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

சரக்கு: 4 லட்சம்

கடையில் இருப்பதை மூன்று குவியலாகப் பிரியுங்கள். ஒரிஜினல் டிஸ்க்குகள் ஒன்று, கன்சோல்களும் ரிமோட்டுகளும் ஒன்று, காப்பி அடித்த சிடிக்கள் ஒன்று. நீங்கள் கடிதத்தில் உருகி எழுதியிருக்கும் பிஎஸ்2 கேம்கள், பிளாஸ்டிக் கவரில் கலர் ஜெராக்ஸ் அட்டையோடு சுவர் முழுக்கத் தொங்கியவை, பெரும்பாலும் மூன்றாவது குவியலில்தான் இருக்கும். நம் ஊரில் அந்தக் காலத்தில் காப்பி சிடி ஓடுவதற்காகச் சிப் போடாத பிஎஸ்2-வைப் பார்ப்பதே அரிது. உங்கள் நினைவில் அதிக மதிப்புள்ள சரக்குக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை என்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் நிலைமை அதுதான். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63-ன்படி உரிமை மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். கன்சோலின் பூட்டை உடைத்து, காப்பி ஓடும்படி சிப் போட்டுத் தருவதை 2012 திருத்தத்தில் வந்த பிரிவு 65ஏ தனிக் குற்றமாக்குகிறது. அதற்கு இரண்டு வருடம் வரை சிறை.

'ஒரிஜினல் வைத்திருப்பவர் பேக்கப் எடுக்கலாமே' என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம், பிரிவு 52 அதை அனுமதிக்கிறது. ஆனால் அந்த அனுமதி சட்டப்படி பிரதி வைத்திருப்பவர், அது கெட்டுப்போனால் உதவட்டும் என்று எடுத்துவைப்பதற்கு மட்டுமே. கடையில் தொங்கவிட்டு விற்பதற்கு அது கேடயமாகாது. அந்தக் குவியலை நீங்கள் விலைக்கு வாங்க வேண்டாம். பட்டியலில் 'இதர சிடிக்கள்' என்ற பெயரில்கூட அது வரக்கூடாது. அண்ணனே அழித்துவிடட்டும்.

ஒரிஜினல் டிஸ்க்கின் மறுவிற்பனை நாடு முழுக்க வெளிப்படையாகவே நடக்கிறது. அதில் எனக்குப் பெரிய பயமில்லை. பழைய கன்சோல்களில் மட்டும் கவனம் வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்தால் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317-ன்படி குற்றம். ஒவ்வொரு கன்சோலின் சீரியல் நம்பரும், விற்றவர் யார் என்ற குறிப்பும் அண்ணனின் நோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை விட்டுவிடுங்கள்.

வாடகைக்கு விடுவது

இதில் நீங்கள் நினைத்திருப்பது தவறு. கேம் சட்டத்தின் பார்வையில் கணினி நிரல். அதை வணிக வாடகைக்கு விடும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 14 பதிப்புரிமையாளருக்கே கொடுக்கிறது. ஒரிஜினல் டிஸ்க் உங்கள் சொந்தப் பணத்தில் வாங்கியதுதான், ஆனாலும் நாளுக்கு 50 ரூபாய் என்று வாடகைக்கு விட உங்களுக்கு உரிமை வந்துவிடாது. வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த அசல் சினிமா டிவிடிக்களை வாடகைக்கு விட்ட ஒரு டெல்லி கடைமீது வார்னர் பிரதர்ஸ் வழக்குப் போட்டது. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தக் கடைக்குத் தடை விதித்தது. அவையும் அசல் டிவிடிக்கள்தான் என்பதைக் கவனியுங்கள். அண்ணன் இருபது வருடம் வாடகைக்கு விட்டாரே என்றால், அவர்மீது யாரும் வழக்குப் போடவில்லை, அவ்வளவுதான்.

மணிக்கணக்கில் விளையாட விடுவதும் லேசான விஷயமில்லை. கன்சோல்களின் உரிம நிபந்தனைகள் சொந்த உபயோகத்தை மட்டுமே அனுமதிக்கின்றன. வீடியோ கேம் பார்லர்களுக்கு உரிமம் வாங்கச் சொல்லும் அரசின் அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் 1995-ல் எம்.ஜே. சிவானி வழக்கில் ஏற்றிருக்கிறது. காவல்துறை, மாநகராட்சி என்று இரண்டு பக்கமும் விசாரிக்காமல் டிவி வாங்கிவிடாதீர்கள். இந்த இரண்டு வருமானத்தையும் உங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மாத வாடகைக்கு என்ன மிஞ்சுகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

குட்வில் 3 லட்சம், அட்வான்ஸ் 2 லட்சம்

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், 2011-ல் போட்ட பதினொரு மாத ஒப்பந்தத்துக்குப் பிறகு எழுத்தில் எதுவும் இல்லை. கட்டட உரிமையாளரான பெரியவர் காலமாகி, இப்போது அவர் மகன்கள் வாடகை வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். அப்படி ஒப்பந்தம் போடவில்லை என்பதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாகிவிடும். கட்டட உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் வாடகை உரிமையை இன்னொருவருக்குக் கைமாற்றவும் முடியாது.

அண்ணனுக்கே பிடிமானம் இல்லாத இடத்தை அவர் உங்களுக்கு எப்படிக் கொடுப்பார்? 3 லட்சம் குட்வில் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்குகிறீர்கள், அடுத்த மாதம் மகன்கள் வந்து 'நீங்கள் யார்?' என்றால் காட்ட உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. கொடுத்த பணத்துக்கு அண்ணன்மீதுதான் வழக்குப் போட வேண்டியிருக்கும். அதை நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்று கடிதத்தைப் படித்த எனக்கே தெரிகிறது. பழைய வாடகையும் புது ஆளுக்குத் தொடராது. அட்வான்ஸ் இன்னும் சுலபம்: அது அண்ணனுக்கும் கட்டடக்காரருக்கும் இடையே உள்ள பணம். அவர் வாங்கிக்கொள்ளட்டும். நீங்கள் புது ஒப்பந்தம் போட்டால் உங்கள் அட்வான்ஸைக் கட்டடக்காரரிடம் நேராகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

பழைய வரி

கடையை நடக்கும் தொழிலாக அப்படியே வாங்கினால், மாற்றிய தேதி வரைக்குமான ஜிஎஸ்டி பாக்கிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு என்கிறது சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி) சட்டம் பிரிவு 85. அண்ணன் நேர்மையானவராகவே இருக்கலாம். கணக்கை ஒழுங்காக வைத்திருந்தாரா என்பது வேறு கேள்வி.

பி.எஃப். பணம்

இதைத் தொடாதீர்கள். பி.எஃப். கணக்கில் இருக்கும்வரை அந்தப் பணத்தை உங்கள் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது. வெளியே எடுத்துத் தனிநபர் உரிமைக் கடையில் போட்ட நிமிடமே அந்தப் பாதுகாப்பு போய்விடும். அந்த வகைக் கடையில் கடையின் கடனும் உங்கள் கடனும் ஒன்றே. மகளின் படிப்புக்கு என்று வேறு என்ன சேமிப்பு இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வேறு எதுவும் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, அப்படியானால் பழைய சாமான்காரருக்கே போகட்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். உங்கள் கடிதத்தின் ஓரத்தில் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு வரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பூர், பொள்ளாச்சியிலிருந்துகூட கன்சோலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எச்.டி.எம்.ஐ. போர்ட் உடைந்தது, சூடாகி அணைந்துபோவது, ரிமோட்டின் ஸ்டிக் தானாக நகர்வது, டிஸ்க்கைப் படிக்காத பழைய பிஎஸ்2 லென்ஸ் என்று எல்லாம் அவரிடம் வருகின்றன. டிஸ்க் இல்லாத கன்சோலுக்கும் போர்ட் உடையும், ஃபேனில் தூசி அடையும். அந்தக் கடையில் இன்னும் உயிரோடு இருப்பது அந்த வேலைதான். அதற்கு அண்ணன் விலையே போடவில்லை. அது அவர் கையிலும் கண்ணிலும் இருக்கிறது, கிரயப் பத்திரத்தில் எழுதி வாங்கிவிட முடியாது. அவர் உங்களோடு உட்கார்ந்தால்தான் உங்களுக்கு வரும்.

ஆகவே என் யோசனை இது. கடையை வாங்காதீர்கள், அண்ணனைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாடியில் ஒரு சின்ன அறை, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், வாரத்தில் சில நாள் மட்டும் திறக்கும் சர்வீஸ் கடை. அண்ணனுக்குப் பணம் ஒரே தொகையாகப் போகாமல், வரும் வருமானத்தில் பங்காகப் போகட்டும். அவரிடம் வேலை கற்க ஓர் இளைஞரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்கு எழுத்தில் போடுங்கள்: யார் எத்தனை நாள் வருவது, பங்கு எவ்வளவு, அவருக்கு உடம்பு முடியாமல் போனால் என்ன, பிரிந்தால் கருவிகள் யாருக்கு. சாதாரணக் கூட்டு நிறுவனத்தில் ஒருவர் வைக்கும் கடனுக்கு மற்றவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பு என்பதால் எல்.எல்.பி. முறை (பங்குதாரரின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) உங்களுக்கு நல்லது. கடையின் பெயர் வேண்டும் என்றால், அதன் உரிமையை அண்ணன் உங்கள் எல்.எல்.பி.க்கு மாற்றிக் கொடுப்பதாக ஒரு பத்தி சேர்த்தால் போதும். பதிவு செய்யாத வணிகப் பெயரையும் இப்படி எழுதி மாற்றலாம். சிப் போடுவதில்லை என்பதையும் அதில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

ஒரிஜினல் டிஸ்க்குகளில், விலை போகும் என்று உங்களுக்கு நிச்சயம் தெரிந்தவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு வாங்குங்கள். உங்கள் ரசனைக்கு வாங்குவதை வீட்டுக்கு எடுத்துப்போங்கள், கடைக் கணக்கில் வைக்காதீர்கள். செகண்ட் ஹேண்ட் பொருளுக்கு, உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்காத பட்சத்தில், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் மட்டும் ஜிஎஸ்டி கட்டும் வசதி விதி 32(5)-ல் இருக்கிறது. ஆடிட்டரிடம் அதைக் கேளுங்கள். ரிப்பேருக்கும் விற்பனைக்கும் பில் கொடுங்கள். பழுதான பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்ற போர்டு மட்டும் வேண்டாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அப்படி மறுப்பது முறையற்ற வணிகம்.

வேலையை விட வேண்டிய அவசியம் இப்போது இல்லை. ஆனால் உங்கள் பணி ஒப்பந்தத்தில் வேறு தொழில் செய்யக்கூடாது என்ற ஷரத்து அநேகமாக இருக்கும். நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். யாருக்கும் தெரியாது என்று இருந்துவிடாதீர்கள், எல்.எல்.பி.யில் சேர்ந்தால் உங்கள் பெயர் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பதிவில் வந்துவிடும்.

உங்கள் மனைவி கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதற்கு நீங்கள் எல்.பி. ரெக்கார்டைக் காட்டிப் பதில் சொல்லியிருக்கிறீர்கள். அது பதில் இல்லை. அண்ணனின் கடைசி மூன்று வருட வங்கிக் கணக்கு, யுபிஐ வரவு, ஜிஎஸ்டி தாக்கல் இவற்றை வாங்கி, சர்வீஸில் வந்தது எவ்வளவு, டிஸ்க்கில் வந்தது எவ்வளவு என்று பிரித்து மனைவி முன்னால் வையுங்கள். சர்வீஸ் வருமானம் ஒரு சின்ன அறையின் வாடகையையும் அண்ணனின் பங்கையும் தாங்கவில்லை என்று அந்தக் கணக்கு காட்டினால் என் யோசனையையும் விட்டுவிடுங்கள். பிடித்த டிஸ்க்குகளை வாங்கி வைத்துக்கொண்டு, அண்ணனை வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள்.

தீபாவளிக்கு அதிக நாள் இல்லை. இந்த வாரமே அண்ணனோடு போய்க் கட்டடக்காரரின் மகன்களைப் பாருங்கள். அப்பாவிடம் கொடுத்த அட்வான்ஸ் என்பதால் அவர்கள் தட்டிக்கழிக்க வாய்ப்பிருக்கிறது. பழைய ஒப்பந்தத்தின் நகலையும், வாடகை கட்டியதற்கான வங்கிப் பதிவுகளையும் அண்ணன் கையோடு எடுத்து வரட்டும். காலி செய்யும் தேதி, திரும்பத் தரும் தொகை, தரும் தேதி மூன்றையும் ஒரே தாளில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகு அவர் சாமானைக் கட்ட ஆரம்பிக்கட்டும்.